மனம் விட்டுப் பேச, யாரோடு போவது?

தூக்கம் கெட்டு ஒரே கவலை மனத்தைச் சுற்றினால் தனியாக ஆலோசகரைப் பாருங்கள். சம்பளப் பணம், மாமியார் வீடு என்று அதே சண்டை திரும்பத் திரும்ப வந்தால் தம்பதியாகப் போங்கள். ஒருவர் மட்டும் போனால் பாதிக் கதைதான் சொல்ல முடியும். ஆனால் கைநீட்டும் துணையோடு சேர்ந்து போகவே வேண்டாம், தாலியான் காசே உதவி எண்ணான 15999க்கு அழையுங்கள்.

மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சோற்றுத் தட்டை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறானா? அவனை மட்டும் அனுப்பாமல் குடும்பமே போய் உட்காருங்கள்.

பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, ஆலோசகர் மலேசியாவின் 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா, தமிழில் பேசுவாரா என்று முன்பே கேளுங்கள். அழுகை தாய்மொழியில்தான் முழுசாக வரும்.

உயிரை விடத் தோன்றினால், நள்ளிரவானாலும் பிஃப்ரண்டர்ஸ் உதவி எண்ணுக்கு அழையுங்கள்: 03-7627 2929.