பன்னீர் ரோஜா ஓயாமல் பூக்க

இதழ் உதிர்ந்த காம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். காய் பிடித்தால் செடியின் சத்து அங்கே போய்விடும். காம்பு வழியே கீழே வந்தால் முதலில் மூன்றிலைக் கொத்து, அப்புறம் ஐந்திலைக் கொத்து தெரியும். வெளிப்பக்கம் பார்த்த ஐந்திலைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். சில நாளில் அந்தக் கணு சிவந்து புடைக்கும். அந்தத் தளிரில்தான் அடுத்த மொட்டு.

தினம் 6 மணி நேர வெயில் கட்டாயம். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலை ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி விழும். 15 நாளுக்கொருமுறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை 10 மடங்கு நீர் கலந்து விடலாம்.

பன்னீர் ரோஜாவுக்கு ஒட்டுச்செடி தேடி அலைய வேண்டாம் என்பேன். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை நிழலில் நட்டாலே வேர் பிடித்துவிடும்.