மூச்சின் வரவு செலவு



வியாபாரிகளாகிய நாம் கணக்கில் கண்ணுங் கருத்துமாய் இருப்பவர்கள். கல்லாவில் ஒரு வெள்ளி குறைந்தாலும் நமக்கு இரவில் தூக்கம் வராது. ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபதினாயிரம் தடவை நம் தேகத்தில் நடைபெறும் ஒரு வரவு செலவை நாம் கவனிப்பதேயில்லை. அதுதான் நாம் இழுத்து விடும் மூச்சு. அந்தக் கணக்கை இந்தப் பாடத்தில் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

லோரிக் கூலியும் மூச்சுக் கூலியும்

சிரம்பானில் மொத்தக் கடையிலிருந்து தோட்டத்துக் கடைக்குச் சரக்கு ஏற்றி வருகிறோம். லோரி நிறைய ஏற்றினாலும் கூலி அதேதான், பாதி ஏற்றினாலும் கூலி அதேதான். ஆகவே, அரை லோரியாக இருபது நடை அடிப்பவன் கூலிக்கே முதலைக் கொடுத்துவிடுவான். மூச்சின் கதையும் இதுவே.

நாம் உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி லிட்டர் காற்று மூக்கிலும், தொண்டையிலும், மூச்சுக் குழாய்களிலுமே நின்று, நுரையீரலின் சிற்றறைகளைச் சேராமலே திரும்பி வந்துவிடுகிறது. இதனைக் கூலி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிமிஷத்திற்கு 20 தடவை, தடவைக்கு 300 மில்லி லிட்டர் வீதம் மேலெழுந்தவாரியாக மூச்சு விடுகிறார். மொத்தம் 6 லிட்டர். அதில் கூலி 3 லிட்டர். பயன்படுவது 3 லிட்டர்தான். வேறொருவர் நிமிஷத்திற்கு 10 தடவை, தடவைக்கு 600 மில்லி லிட்டர் வீதம் நிதானமாக மூச்சு விடுகிறார். மொத்தம் அதே 6 லிட்டர். ஆனால் கூலி ஒன்றரை லிட்டர்தான். மிச்சம் நாலரை லிட்டர். முதல் ஒன்று, லாபம் மட்டும் வேறு.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. சுகதேகியின் இரத்தத்தில் பிராணவாயு எப்போதும் ஏறக்குறைய நிறைவாகவே இருக்கிறது. ஆழ்ந்து மூச்சு விடுவதால் அது மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடாது. குறைந்த உழைப்பில் அதே வேலை முடிவது ஒரு லாபம். இருதயமும் மனமும் அமைதியடைவது அதனினும் பெரிய லாபம்.

மூச்சுக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவு

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைந்தும், வெளியே விடும்போது சற்றுத் தாழ்ந்தும் ஓடுவதைப் பலரும் உணரலாம். மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு இதற்குக் காரணம். மூச்சை வெளியே விடும் நேரத்தில் அந்த நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆகவே, வெளிமூச்சு நீண்டால் கடிவாளமும் நீண்ட நேரம் பிடிக்கப்படுகிறது.

கோபத்திலும் கவலையிலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. கடன் கேட்டுப் போன இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள். சரக்குக்காரர் பணத்துக்கு நெருக்குகிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய், நம்மிடம் பற்று வைத்திருந்தவர்கள் பட்டணங்களில் சிதறினார்கள். அந்தப் பழைய பற்றுப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் மூச்சு வயிற்றை விட்டு நெஞ்சுக்கு ஏறி, சிறுத்து, விரைந்து ஓடுகிறது. நாடியும் அதன் பின்னே ஓடுகிறது. வாயில் வரக்கூடாத சொல் வருகிறது. நல்ல வாடிக்கையாளரை இழக்கிறோம். வீட்டிலே பிள்ளைகள் நம்மைக் கண்டு ஒதுங்குகிறார்கள். இதுவும் நஷ்டக் கணக்கில் சேர்வதே.

மதரஸாவில் நாம் படித்த பாடம்

மூச்சை ஆள்வது நம்மவர்க்குப் புதிதன்று. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தை விரிவாகக் கூறியிருக்கிறார். நக்ஷபந்திய்யா வழியினரான சூபி மகான்கள் ‘ஹோஷ் தர் தம்’, அதாவது மூச்சில் விழிப்பு என்பதைத் தமது விதிகளில் முதலாவதாக வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தஜ்வீது படித்தபோது உஸ்தாது நமக்குச் சொல்லிக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். மத்து வருமிடத்தில் இரண்டு, நான்கு, ஆறு அளவு வரை நீட்ட வேண்டும். சொல்லின் நடுவில் மூச்சை முறிக்கக் கூடாது. வக்ஃபு செய்யும் இடத்தில் நின்று, நிதானமாக மூச்சு வாங்கித் தொடர வேண்டும். நீட்டி ஓதுபவனின் வெளிமூச்சு தானாகவே நீளுகிறது. அவசரமாக ஓதினால் உஸ்தாதின் பிரம்பு மேசையைத் தட்டும்!

இத்தாலி நாட்டுப் பாவியா நகர மருத்துவர் லூசியானோ பெர்னார்டி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2001ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுகதேகிகளான 23 பேரைக் கொண்டு, கத்தோலிக்கரின் ஜெபமாலையையும் ஒரு மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்தும் உணர்வு நரம்புகளும் அந்த நிலையில் செம்மையாக வேலை செய்தன. குர்ஆன் ஓதுதல் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. நாம் ஓதுவதும் தேகப் பயிற்சிக்காக அன்று. அதன் நன்மை வேறு, அதன் கூலி வேறு. ஆயினும் நிறுத்தி நிதானமாக ஓதுபவனின் தேகத்துக்கும் அதனால் ஓய்வு கிடைக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

செய்யும் முறை

கடை திறக்கும் முன் ஒரு தடவையும், இரவு கணக்கு முடித்த பின் ஒரு தடவையும் போதும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இடுப்பு வாரைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வாரை இறுக்கிக் கட்டியவனுக்கு வயிறு அசைய இடமேது? ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக, மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். கை வைத்த இடம் முன்னே வர வேண்டும், தோள் உயரக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு விநாடி. ஆக ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிஷத்திற்கு ஆறு மூச்சு. 33 மணியுள்ள தஸ்பீஹ் கையிலிருந்தால் மூச்சுக்கு ஒரு மணியாகத் தள்ளலாம். ஒரு சுற்று முடிய ஐந்தரை நிமிஷமாகும். நாலும் ஆறும் முடியாதவர்கள் மூன்றும் நாலுமாகத் தொடங்கலாம். மூச்சை உள்ளே அடக்கி வைக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: ஆழ்ந்து விடுவது வேறு, வேகமாக விடுவது வேறு. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைந்து, தலை சுற்றும், விரல்கள் மரத்துப் போகும். அப்படி நேர்ந்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும்.

இரண்டு: காற்று கெட்டிருக்கும்போது ஆழ்ந்த மூச்சு லாபமாகாது. 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டைப் புகைமூட்டம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது சுகாதாரக் கேடு. 200ஐத் தாண்டினால் மிக மோசம். அந்நாட்களில் வெளியிலே இப்பயிற்சியைச் செய்யலாகாது. கொசுவர்த்தியும் சிகரெட்டும் புகையும் அறையிலும் அப்படியே.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. மூச்சுப் பயிற்சி மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அன்று. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய சங்கம், கருவியின் துணையோடு மெதுவாக மூச்சு விடும் முறையை இரத்த அழுத்தத்துக்குத் துணைச் சிகிச்சையாகக் கொள்ளலாம் என்று கூறியது. அதனால் குறைவது சில புள்ளிகளே.

நமது வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பரொருவர் இப்பயிற்சியைக் கைப்பேசியில் பார்த்துப் பழகினார். மனம் லேசாயிற்று, தூக்கம் நன்றாக வந்தது. ‘இனி மாத்திரை எதற்கு?’ என்று அவராகவே நிறுத்திவிட்டார். சில மாதங்கள் சென்றபின், ஒரு நாள் காலை சில்லறை எண்ணிக்கொண்டிருக்கையில் பேச்சுக் குழறி, வலக்கை விழுந்தது. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முப்பது வருஷம் கணக்கெழுதிய கைக்கு இன்று பேனா பிடிக்க இயலவில்லை. மகன் எழுதுகிறான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். பயிற்சி அவரைக் கெடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதே கெடுத்தது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. மூச்சு நன்றாக வருகிறது, தலைவலி இல்லை என்பதெல்லாம் சாட்சியாகா. 140க்கு 90 என்ற எல்லையை நமது அழுத்தம் தாண்டியிருக்கிறதா என்பதை அளந்து பார்த்தே அறிய வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அரை நாள் கடையடைப்பு நஷ்டமென்று எண்ணுபவர்கள் மேற்சொன்ன நண்பரை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரமே இரண்டு காரியங்களைச் செய்வோம். முதலில் கிளினிக்குச் சென்று அழுத்தத்தை அளந்து, எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் குறித்து வைப்போம். மாத்திரை கொடுத்தால் தவறாமல் விழுங்குவோம். அடுத்து, காலையும் இரவும் ஒரு சுற்று தஸ்பீஹ் அளவு நிதானமாக மூச்சு விடுவோம். பற்று வாங்கியவர் கொடுக்காவிட்டாலும், சரக்கு விலை ஏறினாலும், அந்த ஐந்தரை நிமிஷத்தை எவரும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் தேக சுகத்தையும் மன அமைதியையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.