கடலில் இருந்து கடல் வரை: சைக்கிள் பயணத்துக்கு உடலைத் தயார் செய்வோம்

கோடை விடுமுறை என்றால் எம்மவர் பெரும்பாலும் காரில்தான் புறப்படுகிறோம். ஆனால் இங்கிலாந்தின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்குச் சைக்கிளிலேயே போகலாம். 'சீ ரு சீ' எனப்படும் இப்பாதை 1994 இல் திறக்கப்பட்டது. வைற்ஹேவனில் தொடங்கிச் சண்டர்லாண்டில் முடியும் இதன் நீளம் ஏறத்தாழ 225 கி.மீ. பழைய புகையிரதப் பாதைகளில் அமைந்த பசுமை வழிகளும், வாகனங்கள் குறைந்த கிராமத்து வீதிகளும் இதில் அதிகம்.

திசை: பிரித்தானியாவில் காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்து வீசும். ஆகவே மேற்கில் தொடங்கினால் காற்று முதுகில் இருந்து தள்ளும்.

நாட்கள்: ஐந்து நாட்களாகப் பிரித்தால் நாளுக்குச் சராசரி 45 கி.மீ. கெஸ்விக், பென்ரித், அல்ஸ்டன், ஸ்டான்ஹோப் ஆகிய இடங்களில் இரவு தங்கலாம். பென்ரித்தை அடுத்து வரும் ஹார்ட்சைட் மேடு 580 மீற்றர் உயரமானது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி, காலையில் ஏறுங்கள். முடியாத இடத்தில் இறங்கி உருட்டிச் செல்லலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பயிற்சி: மூன்று மாதம் முன்னரே தொடங்குங்கள். முதலில் வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். பின்னர் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் 40 கி.மீ. ஓட முடிந்தால் நீங்கள் தயார். முழங்கால் நொந்தால் இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள்: தெற்காசியர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம், இளவயதிலேயே வருவதும் உண்டு. சைக்கிள் ஓட்டம் அதற்கு நல்ல மருந்து. ஆனால் இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சீனி திடீரென இறங்கலாம். அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம். எனவே புறப்பட முன் குடும்ப வைத்தியரிடமோ தாதியிடமோ பேசுங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம்.

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே நிறுத்திச் சோதியுங்கள். அளவு 4க்குக் கீழ் இருந்தால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் மாத்திரையோ, ஒரு சிறு கிளாஸ் பழச்சாறோ எடுங்கள். சொக்லேற் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். தேறியபின் பாணோ பிஸ்கற்றோ சாப்பிட்டு, அதன் பிறகே சைக்கிளில் ஏறுங்கள். மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்பது கூட வரும் அனைவருக்கும், பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனை இன்றிப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

மறக்கக் கூடாதவை: தலைக்கவசம், மழை அங்கி, மேலதிக ரியூப், காற்றுப் பம்ப், விளக்கு, தண்ணீர், மருந்துப் பட்டியல். பல நீண்டதூரப் புகையிரதங்களில் சைக்கிளுக்கு முன்கூட்டியே இடம் பதிய வேண்டும்.

பின்சக்கரத்தை மேற்குக் கடலிலும் முன்சக்கரத்தைக் கிழக்குக் கடலிலும் நனைப்பது இப்பாதையின் வழக்கம். அடுத்த கோடையில் உங்கள் குடும்பமும் நனைக்கட்டும். பயிற்சியை இந்த வார இறுதியிலேயே, வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் தொடங்குங்கள்.