ஆள் வெளியே வந்தால் போதுமா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் ஒரு பிள்ளையைப் பொலிஸார் கொண்டுபோனால் வீட்டார் முதலில் ஓடுவது பள்ளிவாசல் நிர்வாகத்திடம், பிறகு அரசியல்வாதியிடம். பொறுப்பதிகாரியோடு கதைத்து ஆளை எடுத்துவிட்டால் விடயம் முடிந்தது, அதற்கு மேல் முறைப்பாடு என்று போனால் வம்புதான் வரும் என்பது பரவலான நம்பிக்கை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த வீட்டில் நடந்த குண்டுவெடிப்புகளையும் அதன் பின்னான தேடுதல்களையும் கண்ட ஊர்களில் இந்தப் பயம் இருப்பது இயல்பே. ஆனால் ஆளை மீட்பது வேறு, சட்டவிரோதக் கைதுக்குப் பரிகாரம் பெறுவது வேறு. முதலாவதற்காக அலையும் நாட்களிலேயே இரண்டாவது கைநழுவிப் போகிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செல்வாக்கால் கிடைத்த விடுதலை அந்த மாதத்தை நீட்டித் தராது. எந்தப் பதிவும் இல்லாமல் கிடைத்த விடுதலை என்றால், நடந்ததை நிரூபிக்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

பொலிஸ் கூப்பிட்டால் காரணம் கேட்கக் கூடாது என்பதும் தவறான எண்ணமே. காரணம் சொல்லும் கடமையை 13(1)ஆம் உறுப்புரை கைதுசெய்பவர் மீது வைத்திருக்கிறது, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். சாதாரண சட்டத்தின் கீழ் பிடிபட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் செய்யலாம். நம் கரையோரத்தில் எல்லாவற்றையும் விட அவசியமானது மொழி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், சொன்னவருக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். விளங்காத தாளில் ஒப்பமிட்டுவிட்டு வருபவர்கள் தங்கள் வழக்கின் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

“பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் இதெல்லாம் செல்லாது” என்பார்கள். அதில் பாதி உண்மை. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அச்சட்டம் தடுப்புக்காவல் உத்தரவில் 12 மாதம் வரை ஒருவரை வைத்திருக்க இடம் தருகிறது, அது கொடுமைதான். ஆனால் அச்சட்டத்தில் கைதுசெய்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். சித்திரவதையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையையோ எந்த அவசரகாலமும் மட்டுப்படுத்த முடியாது.

“வழக்கு வைத்து யார் வென்றார்கள்?” என்பதே கனமான ஆட்சேபனை. முகநூலில் எழுதியதற்காக 2020 ஏப்ரல் 9இல் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்த ரம்ஸி ராசிக் வென்றார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் கைது உரிமை மீறலே என்று தீர்த்து, 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. மறுமாதம் 14ஆம் திகதி, மிரிஹான பொலிஸாரால் 2011இல் சித்திரவதை செய்யப்பட்ட ஒருவரின் மனுவில், தீர்ப்பு நாளில் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் உட்பட்ட அதிகாரிகள் அவரது அடிப்படை உரிமையை மீறியதாகக் காணப்பட்டார்கள். தலைக்கு ஐந்து இலட்சம் ரூபாயைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு உத்தரவு. பன்னிரண்டு வருடம் கழித்து வந்த நீதி அது. அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் நேரத்துக்கு மனுப் போடாதவருக்குப் பன்னிரண்டு வருடத்திலும் ஒன்றும் வந்திருக்காது.

கொழும்பு தூரம், செலவு என்பதும் மெய்யான தடை. அதற்காகக் கல்முனையில் செய்ய ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம், அந்த நீதிமன்றமும் கல்முனையில் உண்டு. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். இங்கேயும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிந்திய தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் வராவிட்டால் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மாதம் முடியுமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பொறுப்பதிகாரியோடு கதைக்கட்டும், அதே பின்னேரம் வீட்டிலிருந்து ஒருவர் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் போகட்டும்.