கால இயந்திரம் பழைய சாமான் கடைக்கு வந்த கதை

கல்கத்தா சௌரிங்கியில் 1935ஆம் ஆண்டும், மும்பை தோபி தலாவ் முனையில் 1938ஆம் ஆண்டும் "மெட்ரோ" என்ற பெயரில் இரண்டு சினிமா அரங்குகள் திறக்கப்பட்டன. வேலை தேடி இந்த ஊர்களுக்கு வந்த நம்மவர்களில் பலர் அந்த வாசல்களைத் தாண்டிப் போயிருப்பார்கள். மாநகரம் என்பதால் வைத்த பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு. அது ஒரு கம்பெனியின் பெயர். ஹாலிவுட்டின் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் ஸ்டூடியோ தன் படங்களைத் திரையிடுவதற்கென்றே கட்டிய அரங்குகள் அவை. படம் தொடங்கும் முன் வட்டத்துக்குள்ளிருந்து தலையைத் திருப்பி உறுமும் சிங்கத்தை நினைவிருக்கிறதல்லவா? அந்தக் கம்பெனிதான்.

கலிபோர்னியாவிலிருந்து கல்கத்தா வரை தியேட்டர் கட்டும் வசதியோடு இருந்த ஒரு நிறுவனம், 1970ஆம் ஆண்டு தன் வீட்டுப் பாத்திர பண்டங்களை ஏலத்தில் விற்றது. இது எப்படி நேர்ந்தது? பொருளாதாரப் புத்தகங்களில் இதற்கு விடை உண்டு. எனக்குத் தோன்றும் வழி வேறு. அந்த ஸ்டூடியோ எடுத்த விஞ்ஞானக் கற்பனைப் படங்களை வரிசையாகப் பார்த்தாலே போதும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்த மாதிரிதான்.

காரணம் எளிது. சமூகக் கதை எடுப்பவர் நாற்காலியைக் கடையில் வாங்கலாம், தெருவை வாடகைக்கு எடுக்கலாம். நாளைய உலகத்தைக் காட்டுபவருக்குக் கடையில் ஒன்றும் கிடைக்காது. கதவின் கைப்பிடியைக்கூடத் தச்சரும் கொல்லரும் ஓவியரும் சேர்ந்து செய்தாக வேண்டும். ஆகவே அந்த ஸ்டூடியோவில் அப்போது எத்தனை கைகள் வேலை செய்தன என்பது விஞ்ஞானப் படத்தில் ஒளிவு மறைவில்லாமல் தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் கைகளைப் பற்றிக் கொஞ்சம். எம்.ஜி.எம். 1924இல் மூன்று கம்பெனிகள் சேர்ந்து உருவானது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கல்வர் சிட்டியில் அதன் வளாகம் இருந்தது. வளாகம் என்று சொல்வதைவிட ஊர் என்றே சொல்லலாம். குழந்தை நட்சத்திரங்களுக்குப் பள்ளிக்கூடம், சொந்தத் தீயணைப்புப் படை, தச்சுப் பட்டறை, தையல் கூடம், இசைக்குழு, நியூயார்க் தெரு, ஐரோப்பிய கிராமம், ஏரி என்று எல்லாம் மதிலுக்குள்ளேயே. நடிகர்களும் டைரக்டர்களும் மாதச் சம்பளக்காரர்கள் போல ஒப்பந்தத்தில் இருந்தார்கள். எடுத்த படத்தை ஓட்ட, தாய்க் கம்பெனியான லோவ்ஸிடம் சொந்தத் தியேட்டர்கள் இருந்தன. படம் சுமாராக இருந்தாலும் ஓட இடம் நிச்சயம். அந்த நிச்சயத்தின் மேல்தான் அத்தனை பேர் சம்பளமும் நின்றது.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிச்சயத்தில் கை வைத்தது. பெரிய ஸ்டூடியோக்கள் படத்தை எடுப்பதும் தியேட்டரை வைத்திருப்பதும் ஏகபோகம் என்று தீர்ப்பாயிற்று. லோவ்ஸ் கடைசி வரை இழுத்தடித்துப் பார்த்தது. தியேட்டர் ஒரு பக்கம், ஸ்டூடியோ ஒரு பக்கம் என்று முழுதாகப் பிரிந்தது 1959இல்தான். இதற்கிடையில் டெலிவிஷன் பெட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நிறுவனத்தின் தூணாக இருந்த லூயி பி. மேயரை 1951இல் வெளியேற்றினார்கள்.

இந்த நேரத்தில் மற்ற கம்பெனிகள் பறக்கும் தட்டுகளில் பணம் பார்த்துக்கொண்டிருந்தன. 1951இல் ஃபாக்ஸ் "தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்" எடுத்தது. 1953இல் பாராமவுண்ட் "தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்" எடுத்தது. எம்.ஜி.எம். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கியிருந்தது. சங்கீதப் படமும் சரித்திரப் படமும் எடுக்கும் பெரிய வீட்டுக்கு இதெல்லாம் தெருக்கூத்து. கடைசியில் 1956இல் இறங்கியது. இறங்கியதும் பெரிய வீட்டுப் பாணியிலேயே இறங்கியது.

அந்தப் படம் "ஃபர்பிடன் பிளானட்". ஷேக்ஸ்பியரின் "டெம்பெஸ்ட்" நாடகத்தைத் தீவிலிருந்து தூக்கி ஆல்டேர் என்ற நட்சத்திரத்தின் நான்காம் கிரகத்தில் வைத்த கதை. வண்ணத்தில், சினிமாஸ்கோப்பில், சுமார் 19 லட்சம் டாலர் செலவில் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் விஞ்ஞானப் படத்துக்கு இது ராஜ செலவு. ராபி என்ற ரோபோவுக்கு மட்டும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. உள்ளே ஓர் ஆள் நின்று நடப்பார், குரல் இன்னொருவருடையது. பேசும்போது வாய் இருக்க வேண்டிய இடத்தில் நீல விளக்குக் குழாய்கள் மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அரக்கனை வரைந்து அசைய வைக்க டிஸ்னி கம்பெனியிலிருந்து ஜோஷுவா மீடர் என்ற கலைஞரை இரவல் வாங்கினார்கள். இசைக்கு வாத்தியமே இல்லை. லூயி பேரன், பீபி பேரன் என்ற தம்பதியர் மின்சுற்றுகளைத் தாமே கட்டி, அவை எழுப்பிய ஓசைகளைப் பதிவு செய்து கோத்தார்கள். இசைக் கலைஞர் சங்கத்தில் அவர்கள் உறுப்பினர் இல்லை. ஆகவே டைட்டிலில் "இசை" என்று போடாமல் "எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்" என்று போட்டார்கள். முழுப் படத்துக்கும் மின்னணு இசையே அமைந்த முதல் பெரிய ஸ்டூடியோ படம் இது; பெருமை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

கிரெல் என்ற மறைந்துபோன இனத்தாரின் இயந்திரக்கூடத்தை டாக்டர் மார்பியஸ் சுற்றிக் காட்டும் காட்சியைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது கவனியுங்கள். மனிதர்கள் எறும்பளவில் ஒரு பாலத்தின் மேல் நடக்கிறார்கள். கீழே ஆழம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். சிறு மாதிரியும் ஓவியமும் கேமரா ஜாலமும்தான். முப்பது ஆண்டுகளாகக் கூடவே வேலை செய்து பழகிய துறைகள் இருந்ததால்தான் இது முடிந்தது. படம் தோல்வியில்லை, ஆனால் போட்ட பணத்துக்குக் கிடைத்த லாபம் கொஞ்சம்தான். மறு ஆண்டு, 1957இல், எம்.ஜி.எம். தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக நஷ்டக் கணக்குக் காட்டியது. மேயர் காலமானதும் அதே ஆண்டுதான்.

அதற்கப்புறம் ராபி சும்மா இருக்கவில்லை. அடுத்த படத்திலும் நடித்தது, டெலிவிஷனுக்கும் போயிற்று. எம்.ஜி.எம். வளாகத்தில் எடுக்கப்பட்ட "ட்வைலைட் சோன்" தொடரில் அந்தப் படத்தின் பறக்கும் தட்டும் உடுப்புகளும் திரும்பத் திரும்பத் தலை காட்டும். எந்த டெலிவிஷன் தியேட்டர்களைக் காலி செய்ததோ, அதற்கே தட்டுமுட்டுச் சாமான்களை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் நிலை வந்துவிட்டது.

1960இல் ஜார்ஜ் பால் "தி டைம் மெஷின்" எடுத்தார். செலவு பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. ஆனாலும் பட்டறையில் கைகள் இருந்தன. பில் ஃபெராரி வரைந்து கொடுத்த கால இயந்திரத்தைப் பாருங்கள்: பனிச்சறுக்கு வண்டி போல உடல், நடுவில் நாவிதர் கடை நாற்காலி, பின்னால் சுழலும் பெரிய வட்டத்தட்டு. நம்பும்படியும் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. எதிர்க் கடை ஜன்னலில் நிற்கும் பொம்மையின் உடை மாறிக்கொண்டே போவதை வைத்து ஆண்டுகள் ஓடுவதைக் காட்டியது, செலவில்லாமல் சொல்லத் தெரிந்தவரின் வேலை. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் கிடைத்தது.

அதே ஜார்ஜ் பால் மறு ஆண்டே எடுத்த "அட்லாண்டிஸ்" படத்தில் நகரம் எரியும் காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1951இல் எம்.ஜி.எம். எடுத்த "குவோ வாடிஸ்" படத்தில் ரோம் எரிந்த காட்சிகளை எடுத்து இதில் ஒட்டிவிட்டார்கள். கடலில் மூழ்க வேண்டிய அட்லாண்டிஸ்வாசிகள் ரோமானியர்களாகத் தெருவில் ஓடுகிறார்கள். அரிசிப் பானை காலியானால் நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றுவோமே, அதுதான்.

ஸ்டூடியோ இதற்குள் சூதாட்டக்காரரின் மனநிலைக்கு வந்திருந்தது. 1959இல் "பென் ஹர்" ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்து 11 ஆஸ்கார் வாங்கியதும், ஆண்டுக்கு ஒரு பெரிய படம் எடுத்தால் போதும் என்று முடிவு கட்டினார்கள். 1962இன் "மியூட்டினி ஆன் தி பவுண்டி" அந்தக் கணக்கைக் கவிழ்த்தது. இந்த நிலையில்தான், தலைவராயிருந்த ராபர்ட் ஓ'பிரையன், ஸ்டான்லி குப்ரிக் என்பவரை நம்பி இங்கிலாந்தில் போர்ஹாம்வுட்டிலிருந்த எம்.ஜி.எம். கிளை ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" 1968 ஏப்ரலில் வந்தது. செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. விண்கலத்தின் உட்புறத்துக்காக 38 அடி விட்டமுள்ள ராட்டினம் ஒன்றையே ஒரு விமானக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. முதல் காட்சிகளில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். குப்ரிக் 19 நிமிடங்களை வெட்டினார். பிறகு இளைஞர் கூட்டம் வந்து படத்தைத் தூக்கி நிறுத்தியது. என்னைக் கேட்டால், பழைய எம்.ஜி.எம். தன் பணத்தையும் பொறுமையையும் ஒருசேரச் செலவிட்ட கடைசிப் படம் இதுதான். ஓ'பிரையன் மறு ஆண்டு பதவியில் இல்லை. 1970இல் போர்ஹாம்வுட் ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

1969இல் கிர்க் கெர்கோரியன் என்ற லாஸ் வேகாஸ் முதலாளி எம்.ஜி.எம்.மை வாங்கி, ஜேம்ஸ் ஆப்ரி என்பவரைத் தலைவராக வைத்தார். ஆப்ரி சினிமாவை நேசித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. பாதியில் இருந்த படங்களை நிறுத்தினார். இசைத் துறையின் முழு ஸ்கோர் தாள்கள் குப்பையோடு குப்பையாகப் பள்ளம் நிரப்பப் போயின. மிஞ்சிய சுருக்கத் தாள்களை வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர் பழைய படங்களைக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்தின் ஸ்வரத்தையும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

1970 மே மாதம் ஏலம். டேவிட் வைஸ் கம்பெனி 15 லட்சம் டாலருக்கு உடைகளையும் சாமான்களையும் மொத்தமாக வாங்கி, 18 நாட்கள் கூவி விற்றது. "விசார்ட் ஆஃப் ஆஸ்" படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போயிற்று. பைத்தியக்கார விலை என்று அன்றைக்குப் பேசினார்கள். அதே படத்தின் இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில் 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு விற்றது. ஸ்டூடியோவை விட்டு வெளியேறிய ராபி 2017இல் 53 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. முழுக் கிடங்கையும் 15 லட்சத்துக்குக் கொடுத்தவர்களை வியாபாரிகள் என்று எப்படிச் சொல்வது?

கிடங்கு காலியான பின் எடுத்த படங்களின் முகமே வேறு. 1973இல் இரண்டு வந்தன. "வெஸ்ட்வேர்ல்ட்" பன்னிரண்டரை லட்சம் டாலரில் எடுத்தது. ஃபர்பிடன் பிளானட்டுக்கு 17 ஆண்டு முன்பு செலவழித்ததில் மூன்றில் இரண்டு பங்கு. பணக்காரர்கள் வந்து விளையாட, ரோபோக்களை வைத்துப் போலிப் பழங்கால நகரங்கள் நடத்தும் ஒரு கேளிக்கைக் கம்பெனி. ஒரு நாள் ரோபோக்கள் திருப்பிச் சுடுகின்றன. கௌபாய் ரோபோவின் கண்ணில் உலகம் கட்டம் கட்டமாகத் தெரிவதைக் கம்ப்யூட்டர் போட்டது; கதைப் படத்தில் டிஜிட்டல் முறைக்கு அதுவே தொடக்கம். பட்டறைக் கைகள் போன இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்ததை அந்தப் படத்திலேயே பார்க்கலாம்.

இன்னொன்று "சாய்லண்ட் கிரீன்". நாலு கோடிப் பேர் நெருக்கியடிக்கும் நியூயார்க், சோறில்லை, காற்றில்லை. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கடைசிப் படம். படப்பிடிப்பு முடிந்த சிறிது காலத்தில் இறந்துபோனார். பழைய உலகத்தை நினைவு வைத்திருக்கும் கிழவர் வேடம் அவருக்கு. நடித்து முடித்தவரையும் நடித்த வேடத்தையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.எம். தன் விநியோகத் துறையை மூடியது. டிசம்பரில் லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல் திறக்கப்பட்டது. சூதாட்டக்கூடத்தோடு! வெஸ்ட்வேர்ல்ட் எடுத்த கம்பெனிக்குக் கேளிக்கை நகரம் நடத்தத் தெரியாதா என்ன.

சாய்லண்ட் கிரீன் நடக்கும் ஆண்டு 2022. அந்த 2022 மார்ச்சில் அமேசான் கம்பெனி 845 கோடி டாலருக்கு எம்.ஜி.எம்.மை வாங்கி முடித்தது. வாங்கியதில் சிங்கம் இருந்தது. நாம் இங்கே பேசிய படங்கள் இல்லை. 1986இல் டெட் டர்னர் எம்.ஜி.எம்.மை வாங்கிச் சில மாதங்களில் பெரும்பகுதியைத் திருப்பி விற்றபோது, பழைய படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவை பிறகு வார்னர் பக்கம் போய்விட்டன. கல்வர் சிட்டி வளாகமும் கைமாறிச் சோனியிடம் இருக்கிறது.

1984இல் எம்.ஜி.எம். "2010" என்ற தொடர்ச்சிப் படம் எடுத்தபோது டிஸ்கவரி விண்கலம் மறுபடி தேவைப்பட்டது. மாதிரியும் இல்லை, வரைபடமும் இல்லை; குப்ரிக் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார். தன் சொந்தப் படத்தின் ஃபிலிமைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள்.

நிற்க. கால இயந்திரம் என்ன ஆயிற்று? 1970 ஏலத்தில் ஊர் ஊராகக் காட்சி நடத்தும் ஒருவர் அதை எடுத்துப் போனார். சில ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவின் ஆரஞ்சு என்ற ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் அது கிடந்தது. பாப் பர்ன்ஸ் என்ற சேகரிப்பாளர் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கி வந்தார். ஜார்ஜ் பால் கொடுத்த பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, நண்பர்கள் கூடி உடைந்ததை ஒட்டி, விட்டுப்போனதைச் செய்து சேர்த்தார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. 1993இல் அதைப் பற்றி எடுத்த ஆவணப் படத்தில் கதாநாயகன் ராட் டெய்லரும் தோழனாக நடித்த ஆலன் யங்கும் 33 ஆண்டு கழித்து அதே வேடங்களில் சந்தித்துக்கொண்டார்கள்.