அபாயச் சங்கும் அதன் தனிச் சேமக்கலமும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ராஜகிரியின் உச்சியையே இலக்காகக் கொள்வர். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அம்மலையின் முடியை அணுகுங்கால், பாறை பிளந்து கிடக்கும் பள்ளம் ஒன்று வழியை மறிக்கும். அதன் அகலம் சுமார் 24 அடி. ஆழம் சுமார் 60 அடி. அதனைக் கடக்க மரப்பாலம் ஒன்றே வழி. அப்பாலத்தை நீக்கிவிட்டால், கீழ்க்கோட்டை முழுவதும் பகைவர் கைப்பட்ட பின்னரும் மேற்கோட்டை தனித்து நிற்கும். தனித்து நின்றாற் போதுமா? உள்ளிருப்போர் உண்ணவும் பருகவும் வேண்டுமன்றோ? ஆதலின் களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, சுனைநீர் ஆகியவற்றை மலைமீதே அமைத்துக்கொண்டனர் முன்னோர். முகலாயத் தளபதி ஜுல்பிகார்கான் 1690-இல் முற்றுகை தொடங்கினான். கோட்டை வீழ்ந்தது 1698-இல். எட்டாண்டளவு ஒரு பெருஞ்சேனையை வாயிலில் நிறுத்திவைத்த பெருமையிற் பாதி மதிலுக்குரியது; மறுபாதி உள்ளிருந்த சேமிப்புக்குரியது என்பது எம் கருத்து.

2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இக்கோட்டையை ஒரு பௌதிகக் கட்டுரையின் முகப்பில் நிறுத்தியதற்குக் காரணம் ஒரு மோட்டார் கார்.

கோடை விடுமுறையொன்றில் எம் பழைய மாணவர் ஒருவர் தம்முடைய ஸ்போர்ட்ஸ் காரில் எம்மை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்கு வந்தார். 1990-களின் இறுதியில் அயல்நாட்டிற் செய்யப்பட்ட வண்டி அது. வயது மிகுந்திருப்பினும் மேனியழகு குன்றாதது. பகல் முழுவதும் மலையேறிக் களைத்து ஊருக்குள் ஒரு விடுதியில் உறங்கினோம். நள்ளிரவு இரண்டு மணியளவில் அவ்வண்டி, தொடுவார் ஒருவரும் இன்றியே, ஆலைச் சங்குபோல் அலறத் தொடங்கியது. அரை நிமிடம் அலறும், சற்றே ஓயும், மீண்டும் அலறும். தெருவிலுள்ள நாய்களெல்லாம் உடன் குரைத்தன. எதிர்வீட்டு மூதாட்டியார் திண்ணைக்கு வந்து, "என்னப்பா, வண்டிக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று வினவினார். கைக்குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு தாய் ஒருத்தி வாயிலில் நின்றாள். எம் மாணவர் முகம் நாணத்தாற் கறுத்தது.

அருகிலிருந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் உறக்கம் கலைந்து வந்தார். நல்ல மனிதர். "ஐயா, பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லி, கழற்றியும் விட்டார். தீரவில்லை. முன்னிலும் உரக்க அலறியது! அவர் திகைத்து எம்மைப் பார்த்தார். இன்னும் சில நிமிடங்கள் அலறியபின் அவ்வோசை மெல்ல மெல்லத் தேய்ந்து, கொசுவின் ரீங்காரமளவாகி, அடங்கிற்று. "சரியாய்ப் போச்சு" என்றார் அவர். சரியாகவில்லை; அப்பொழுதுதான் செத்தது என்பதே உண்மை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரிலுள்ள பெரிய சேமக்கலம் ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்டது. பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859-இல் கண்டறிந்த வகையின் வழிவந்தது. அதனுள் ஆறு அறைகள். நிறைந்த நிலையில் அறையொன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட்டு, ஆகமொத்தம் 12.6 வோல்ட்டு. விளக்கு, எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், பூட்டு ஆகிய அனைத்துக்கும் இதுவே ஊட்டம். அபாயச் சங்கும் இதனையே நம்பியிருக்குமானால் திருடனுக்கு வேலை எளிது. ஒரு கம்பியை வெட்டினாற் போதும். காவலனின் வாய் அடைபட்டுவிடும். காவலாளிக்குரிய சோற்றைக் கள்வனிடமே கொடுத்துவைத்ததற்கு இது ஒப்பாகும். இதனை உணர்ந்தே சங்கின் வயிற்றுக்குள் ஒரு சிறு சேமக்கலத்தைத் தனியே வைத்து மூடினர். அது நாடோறும் காரின் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகப் பருகி நிறைந்திருக்கும். சங்கினுள் இருக்கும் மின்சுற்று, வெளியிலிருந்து வரும் மின்சாரம் அற்றுப்போயிற்றா என்று இடையறாது கவனித்துக்கொண்டிருக்கும். வண்டி பூட்டியிருக்கையில் அது அற்றுப்போயின், கள்வன் கம்பியை வெட்டினான் என்றே கொண்டு தன் சொந்தச் சேமிப்பால் அலறும். நம் எலெக்ட்ரீஷியன் செய்ததும் கள்வன் செய்வதும் சங்கிற்கு ஒன்றே. அது தன் கடமையைத்தான் செய்தது.

இங்கிலாந்தில் காப்பீட்டுக் கழகத்தாரின் ஆராய்ச்சி நிலையமாகிய தாட்சம், 1990-களில் காவற்கருவிகளை வகைப்படுத்தியபோது, முதல் வகையில் இடம்பெற விரும்பும் கருவிக்குத் தன் மின்சாரத்தைத் தானே கொண்ட சங்கு வேண்டும் என்று விதித்தது. அக்காலத்து விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் இவ்வமைப்பு காணப்படுவதற்கு இவ்விதியும் ஒரு காரணம். பத்துக் கன்னியர் உவமையை நம் கல்லூரி வழிபாட்டிற் கேட்டவர் யாவரும் அறிவர். விளக்கிலுள்ள எண்ணெயோடு பாத்திரத்திலும் தனியே எண்ணெய் கொண்டுபோன ஐவரின் செயலே இது.

ஆயின் பாத்திரத்து எண்ணெய் கெடுவதுண்டு. இச்சிறு சேமக்கலம் பெரும்பாலும் நிக்கல்-காட்மியம் அல்லது நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகையினது. முன்னதை ஸ்வீடன் தேசத்து யுங்னர் 1899-இல் இயற்றினார். இவ்வகைகளில் ஒரு கலத்துக்கு 1.2 வோல்ட்டு. ஆறு கலங்களைத் தொடராகக் கோத்தால் 7.2 வோல்ட்டு, பல சங்குகளிற் காண்பது இவ்வளவே. உள்ளே இருப்பது திராவகமன்று. பொட்டாசியம் ஹைடிராக்ஸைடு என்னும் கடுங்காரம். ஆண்டுக்கணக்கில் ஓயாது மின்னூட்டம் பெற்றும், எஞ்சின் அறையின் வெம்மையில் வெந்தும், கலத்தின் வாயடைப்புத் தளர்ந்து காரம் கசியும். இரசாயன மாறுதல்களின் வேகம் பத்துப் பாகை சென்டிகிரேடு உயருந்தோறும் ஏறத்தாழ இருமடங்காகும் என்று வகுப்பிற் படித்தோமே, அந்தப் பாடம் இங்கே தன் வேலையைக் காட்டுகிறது. குளிர்நாட்டுக்கென்று செய்த கலம் செஞ்சிப் பாறைகளின் அனல்வெயிலில் நின்றால் அதன் ஆயுள் குறையுமேயன்றிக் கூடாது.

கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிப் பொட்டாசியம் கார்பனேட்டாகி வெண்பொரிபோல் படியும். செப்புக் கம்பிகள் பச்சை பூக்கும். மின்சுற்று தன் அறிவு மயங்கும். ஒருபுறம் சேமிப்பு இளைத்து, மறுபுறம் சுற்றும் அரிபட்டு நிற்கையில், சங்கு காரணமின்றி அலறும். அல்லது அலற வேண்டிய வேளையில் வாளாவிருக்கும். இரண்டில் எது கொடிது என்று கேட்டால் இரண்டாவதே என்போம். நள்ளிரவில் அலறும் சங்கு தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. ஊமையான சங்கோ உடையவனை ஏமாற்றிக்கொண்டேயிருக்கிறது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவிற்குள் செஞ்சியின் மூன்று மலைகளையும் கைப்பற்றினான். நெடிய முற்றுகையைத் தாங்கிய அதே மதில்கள்தாம் அன்றும் நின்றன.

மறுநாட் காலையில் எம் மாணவர், "சார், இந்தச் சனியனை அடியோடு கழற்றி எறிந்துவிடட்டுமா?" என்றார். பலரும் செய்வது அதுவே. புதுச் சங்கின் விலை மிகுதி. பழைய வண்டிக்கு அது கிடைப்பதும் அரிது. ஆயின் கெட்டது சில நூறு ரூபாய் பெறும் ஒரு சிறு கலக்கோவையே. அதனை மாற்றினாற் சங்கு பிழைக்கும். ஊர் திரும்பியபின் யாம் செய்த முறையை, இயந்திரப் பழக்கமுள்ள மாணாக்கர்க்கு உதவுமாறு கூறுதும்.

முதலில் வண்டியின் கையேட்டைப் படித்தல் வேண்டும். சங்கை உறங்கச்செய்யும் வழி வண்டிக்கு வண்டி வேறு. சிலவற்றிற் சங்கின் மீதே சிறு சாவித்துளை ஒன்றுண்டு. அதற்குரிய சாவியைப் பெரும்பாலோர் தொலைத்துவிட்டிருப்பர். வேறு சிலவற்றில் வண்டிச் சாவியைத் திருப்பி அணைத்தபின் குறித்த நேரத்திற்குள் பெரிய சேமக்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் காது செவிடுபடும். ஐரோப்பிய விதிகளின்படி இச்சங்குகள் இரண்டு மீட்டர் தொலைவிற் குறைந்தது 105 டெசிபல் ஒலி தர வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் அது எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டா. காதில் பஞ்சோ அடைப்போ இல்லாமல் இவ்வேலையிற் புகற்க.

சங்குப் பெட்டியைத் திறப்பதே மிகவும் பொறுமை வேண்டுவது. நீர் புகாதபடி அதனைப் பசையிட்டு இறுக மூடியிருப்பர், திருகாணி இராது. இணைப்புக் கோட்டின் வழியே மெல்லிய ஆக்ஸா பிளேடால் சுற்றிலும் சிறிது சிறிதாக அறுத்தல் வேண்டும். பிளாஸ்டிக்கின் கனத்துக்குமேல் ஆழமாகச் சென்றால் உள்ளேயுள்ள பலகை அறுபடும். யாம் இதற்கே ஒரு பிற்பகலைச் செலவிட்டோம். திறந்தபோது ஆறு கலங்களுள் மூன்று வெண்பொரி பூத்துக் கிடந்தன. 7.2 வோல்ட்டு காட்டவேண்டிய கோவை மல்டிமீட்டரில் இரண்டு வோல்ட்டும் காட்டவில்லை.

பழைய கோவையை எடுக்குமுன் நேர்முனை எது, எதிர்முனை எது என்று படம் பிடித்துக்கொள்க, நினைவை நம்பற்க. கையுறை அணிக, கண்ணுக்கும் காப்பு வேண்டும். ஏனெனில் காரம் தோலையும் கண்ணையும் அரிக்கும். கலத்தை எடுத்தபின் பலகையிற் படிந்த காரத்தைப் பஞ்சில் தோய்த்த வினிகரால் அல்லது எலுமிச்சைச் சாற்றால் துடைத்தல் வேண்டும். காரத்தை அமிலம் சமன்செய்யும் என்ற பள்ளிப் பாடமே இது. அதன்பின் வாலைவடி நீராலும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலாலும் கழுவி நன்கு உலர்த்துக. செப்புத்தடம் அறுந்திருப்பின் மெல்லிய கம்பி வைத்து இணைக்கலாம். அரிப்பு மிகுதியாயின் சங்கு தேறாது. அப்பொழுது புதிதே வாங்க வேண்டும்.

புதிய கோவையைத் தேர்வதில் ஒரு பெருந்தவறு நேர்வதுண்டு. இக்காலத்தில் லித்தியம் கலங்கள் எங்கும் மலிந்துள்ளன; அளவிற் சிறியன, ஆற்றலிற் பெரியன. அவற்றை வைத்தால் என்ன என்று கேட்பர். வைக்கலாகாது. இச்சங்கின் மின்னூட்டும் சுற்று நிக்கல் வகைக்கென்று அமைந்தது. நிறைந்த பின்னும் சிறிது ஊட்டிக்கொண்டேயிருப்பது. நிக்கல் கலம் அம்மிகையை வெப்பமாக்கிப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பொறாது, வீங்கித் தீப்பற்றும். ஆகவே முன்னிருந்த வகை, முன்னிருந்த வோல்ட்டு, ஏறத்தாழ முன்னிருந்த கொள்ளளவு என்னும் மூன்றையும் காத்தல் வேண்டும். கலத்தின் மேனியில் நேரே ஈயம் பற்றவைத்தலும் தகாது. சால்டரிங் இரும்பின் சூடு வாயடைப்பைக் கெடுத்து, எந்த நோயைத் தீர்க்க வந்தோமோ அதனையே விதைக்கும். தகடு வெல்டு செய்து விற்கும் கோவையை வாங்கி, அத்தகட்டின் நுனியிற் பற்றவைப்பதே முறை. சில சங்குகள் புதுக் கலம் தொட்டவுடனே, வெளிமின்சாரம் இல்லாமை கண்டு, கையிலிருந்தபடியே கூவிவிடும். காதடைப்பை இன்னும் கழற்றற்க என்பது இதற்காகவே.

மூடும்போது புளிப்பு வாடை வீசும் சிலிக்கோன் பசையை விலக்குக. அதிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் செம்பைத் தின்னும். வாடையற்ற நடுநிலைப் பசையே நன்று. நீர் வடியும் துளை இருப்பின் அதனை அடைத்துவிடாமல், பழைய நிலையிலேயே வண்டியிற் பொருத்துக. புதுக் கோவை பெரும்பாலும் வெறுமையாகவே வரும். வண்டியில் ஓரிரு நாள் கிடந்து ஊட்டம் பெறட்டும். அதன்பின்பே சோதனை. வண்டியைப் பூட்டி, காவல் விழித்தபின், பெரிய சேமக்கலத்தின் கம்பியைக் கழற்றுக. சங்கு அலற வேண்டும். வண்டியின் மின்சாரம் இருக்கும்போது அலறுகிறதா என்று மட்டும் பார்த்து மகிழ்வது சோதனையாகாது. அது பெரிய கலத்தைச் சோதித்ததாகவே முடியும். எம் பழக்கத்தில் கண்ட கார்க்காரருள் இச்சோதனையை ஆண்டுக்கொருமுறையேனும் செய்தவர் ஒருவரும் இலர்.

எம் மாணவரின் சங்கு சோதனையில் நன்றாகவே கூவிற்று. பக்கத்து விடுதி மாணவர் சிலர் சன்னலைத் திறந்து பார்த்தனர். பகற்பொழுதாதலின் சிரித்துக்கொண்டு மூடினர். பழைய கலங்கள் காட்மியம் கொண்டவை, காட்மியம் நஞ்சு. அவற்றைக் குப்பையிலோ குளத்திலோ எறிதல் தகாது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் கழிந்த கலத்தை மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்குமாறு பணிக்கின்றன. ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து அதற்குரிய சேகரிப்பிடத்திற் சேர்த்தோம். சங்குப் பெட்டியின் முதுகில் ஒரு தாளை ஒட்டி, கலம் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அழியா மையால் எழுதிவைத்தார் எம் மாணவர்.