தங்கமீன் தொட்டியில் அமோனியா: தண்ணீரின் குணம் அறிவோம்

தோட்டத்துத் தொட்டியில் தங்கமீன் விட்டு, அந்தக் கழிவுநீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாமா என்று இரும்பைக்கு வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால், கொளத்தூரில் காசு கொடுத்து வாங்கிய மீன் பத்து நாளில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மருந்து தேடும் முன் அமோனியாவைச் சந்தேகப்படுங்கள்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாகத்தான் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே. தண்ணீரில் அதற்கு இரண்டு உருவம். அமோனியம் அவ்வளவு கெடுதல் இல்லை. அமோனியா வாயுதான் விஷம். சோதனைக் குப்பி இரண்டையும் கூட்டித்தான் காட்டும். வங்கிக் கணக்கில் சொன்னால், மொத்தக் கடன் தெரியும், அதில் வாராக்கடன் எவ்வளவு என்று தெரியாது.

அதைத் தீர்மானிப்பவை பிஎச்சும் வெப்பமும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் அரைப் பங்கு சொச்சம்தான் விஷம். 8 என்றால் 5 பங்கு. 9 என்றால் 36 பங்கு. 30 டிகிரியில் பிஎச் 8-லேயே 7 பங்கைத் தாண்டும். களர் நிலத்தில் மேலாகத் தூவிய யூரியா காற்றில் பறப்பதும் இதே கணக்குதான். பாசி பிடித்த தொட்டியில் பகலில் பிஎச் ஏறும். ஆகவே சோதனையைப் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள்.

நாள்பட்ட தொட்டியில் தண்ணீர் புளித்து பிஎச் இறங்கியிருக்கும். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காரமான போர் தண்ணியை விட்டால் அமோனியம் பாதியாகும், சரி. ஆனால் பிஎச் 6.5-லிருந்து 8-க்கு ஏறினால் மிச்சத்தில் விஷப் பங்கு முப்பது மடங்காகும்! சுண்ணாம்பு போட்டாலும் இதே கதி. தீனியை நிறுத்துங்கள், தினம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள்.

"மரக்காணம் உப்பு ஒரு பிடி போட்டா சரியாகாதா?" அமோனியாவுக்கு ஆகாது. அமோனியா நுண்ணுயிரால் நைட்ரைட்டாக மாறிய பிறகுதான் உப்பு உதவும். அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாமல் தடுக்கும். 1,000 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பு போதும். அந்தத் தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்சாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு நுண்ணுயிர்தான். நம் மண்ணில் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் கூட்டம்தான் தொட்டியின் ஜல்லியிலும் குடியேறுகிறது. அது பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டி ஜல்லி ஒரு கூடை போட்டால் சீக்கிரம் பிடிக்கும். அதுவரை மீனும் குறைவாக, தீனியும் குறைவாக இருக்கட்டும்.